மருதை மகனின் காப்பு

எங்கள் கூனிமலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஆம்பிளைகளுக்கு ஒரு பீலி, பொம்பிளைகளுக்கு ஒரு பீலி. மலைக்கான் ஓடையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் அந்தப் பீலித் தண்ணீர் தை, மாசியில் ஊசியாகக் குத்தும். அந்தக் குளிரில் எவனும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கமாட்டான். கோவணத்தோடு ஓடிவருவான், தலையைக் கொடுப்பான், கத்துவான், ஓடிப்போவான். மருதை மகன் மதுரனும் அப்படித்தான் குளித்துக்கொண்டிருந்தான். இந்தத் தை மாதம் அவன் முழங்கால் வரைக்கும் காற்சட்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குளித்தான்.

"என்னடா, சமைஞ்ச புள்ளையாட்டம் மூடிக்கிட்டுக் குளிக்கிற?" என்றேன்.

"பனி பெரியப்பா."

"பனி ஒனக்கு அங்க மட்டும்தான் படுதா?"

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

நான் அவனுக்குச் சொந்தக்காரன் இல்லை. லயத்து வரிசையில் என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர், அதுதான் சொந்தம். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அவன் அம்மா வேலாயி கொழுந்து எடுத்து ஓய்ந்துபோனவள். பெண்சாதி சர்மிளா இப்போது கொழுந்து எடுக்கிறவள், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை. லயத்தில் ஒற்றை அறைதான் காம்பரா, அதற்குப் பின்னால் தகரம் இறக்கி, புதுசாகக் கட்டிக்கொண்ட இரண்டு பேரும் அங்கே படுத்துக்கொண்டார்கள். மதுரனின் அப்பன் மருதை, பையன் தவழும்போதே செத்துப்போய்விட்டான்.

மறுநாள் கவ்வாத்து மலையிலிருந்து இறங்கி வரும்போது அவனைப் பிடித்துக்கொண்டேன். நடையே சரியில்லை. காலை அகட்டி அகட்டி வைத்தான்.

"சொல்றியா, இல்ல ஒன் பொண்டாட்டிகிட்டக் கேக்கவா?"

கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான். "கவ்வாத்து வெட்டயில தேயிலக் கட்டை ஒன்னு தெறிச்சு அடியில பட்டுச்சு பெரியப்பா. அன்னைக்கித்தான் தொட்டுப் பார்த்தேன். எடது பக்கத்து வெரை கல்லாட்டம் இருக்கு. அடிபட்டு வந்ததா, முந்தியே இருந்துச்சான்னு தெரியல."

"வலிக்கிதா?"

"வலிச்சாத்தான் நல்லாருக்குமே. ஒரு வலியும் இல்ல. கனமா இருக்கு. அடிவயித்தப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

"டிஸ்பென்சரில காட்டுனியா?"

"காட்டல. சொன்னேன். ஐயா ஏறெடுத்தும் பாக்கல. ஓதம்னாரு, மாத்திரை குடுத்தாரு. அது தீந்து போச்சு, இது பெருசாகிக்கிட்டே போவுது."

எனக்கு டிஸ்பென்சரி ஐயா மேலும் நம்பிக்கை இல்லை, டவுன் டாக்டர் மேலும் நம்பிக்கை இல்லை. ஐயா தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே டப்பாவில் கைவிடுகிற ஆள். டவுன் டாக்டர் நம் முகத்தைப் பார்க்காமலே எழுதுகிற ஆள். யூனியன்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் ஓதம் எது என்று எனக்குத் தெரியும். எனக்கே இருக்கிறது. வருசக்கணக்காய் வேட்டிக்குள் அதைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனேன். அது தண்ணீர் கட்டின பை, அமுக்கினால் அமுங்கும். கல்லாக ஓதம் வந்து நான் கேட்டதில்லை.

மாசி நடுவில் பையனை நுவரெலியாவுக்குக் கிளப்பினது சர்மிளாதான். அவனுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்று என்னையும் கூட அனுப்பினாள். பஸ் லிந்துலை தாண்டிப் போனது. பனி கொட்டின மலையெல்லாம் கொழுந்து கருகி, நெருப்பு வைத்த மாதிரிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர், சிங்களப் பையன். மதுரன் காற்சட்டையை அவிழ்க்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்றான்.

"பெரியப்பா, நீங்க வெளிய போங்க."

"நான் போனா அவரு கேக்குறதுக்கு யாருடா பதில் சொல்றது? ஒன்கிட்ட இருக்குறது புதுசா? எனக்கும் இருக்கு, அவருக்கும் இருக்கு. அவுரு."

டாக்டர் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, சின்ன டார்ச் லைட்டை எடுத்தார். அந்த வித்தை எனக்குத் தெரியும். எனக்கும் ஒருதரம் அப்படித்தான் பார்த்தார்கள். பின்பக்கம் லைட்டை வைத்தால் என்னுடையது செக்கச்செவேல் என்று பற்றிக்கொண்டது, திருவிழாக் கூண்டு விளக்கு மாதிரி. தண்ணீர் என்றால் வெளிச்சம் ஊடுருவும். மதுரனுக்கு வலது பக்கத்தில் வைத்தார், ஓரமாய்ச் சிவந்தது. இடது பக்கத்தில் வைத்தார். ஒன்றுமே இல்லை. இருட்டு. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார், இருட்டுதான்.

நான் யாரையும் நம்பாதவன். அந்த இருட்டை நம்பினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சாயந்தரம் கூப்பிட்டு உட்காரவைத்து டாக்டர் மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இது தண்ணீர் இல்லை, கட்டி. கேன்சர் கட்டி மாதிரித்தான் தெரிகிறது. இது கிழவனுக்கு வருகிறதைவிட இவன் வயசுப் பையன்களுக்குத்தான் கூட வரும். வலிக்காது, அதனால்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அந்த ஒன்றை எடுத்துவிட வேண்டும். மற்றது நல்லாயிருக்கிறது, பிள்ளை பெற அது ஒன்று போதும். விட்டுவைத்தால் வயிற்றுக்கு ஏறும், அங்கிருந்து நெஞ்சுக்கு ஏறும். நல்லாகிற நோய்தான், ஆனால் காத்திருக்கிற நோய் இல்லை. கண்டிப் பெரியாஸ்பத்திரியில் வருகிற வியாழக்கிழமைக்கு இடம் பேசியிருக்கிறேன். கட்டாயம் போக வேண்டும்.

என்னைப் பார்த்து, "சீயா, பய வென்ன எப்பா" என்றார். தாத்தா, பயப்பட வேண்டாமாம். நான் எங்கே பயப்பட்டேன்? பயப்பட வேண்டியவன் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரும் வழியில் தலவாக்கலையில் இறங்கித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"பெரியப்பா, ஒன்ன எடுத்துப்புட்டா நான் ஆம்பிளையா?"

"அவரு சொன்னத நான் சரியாத்தானே சொன்னேன்?"

"நீங்க சொல்லுங்க."

"டேய், நான் இவ்வளவு பெருசு தூக்கிக்கிட்டுத் திரியுறேன். அதுக்காக நான் ரெண்டு ஆம்பிளையா?"

அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான்.

அதோடு கண்டிக்குப் போயிருந்தால் கதையே இல்லை. நடுவில் காமன் வந்துவிட்டான்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் எங்கள் டிவிசனில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஒரு ஆம்பிளைக்குக் காமன் வேசம், இன்னொரு ஆம்பிளைக்கு ரதி வேசம். பௌர்ணமி வரைக்கும் தப்படித்து லயம் லயமாக ஆடிவருவார்கள், பௌர்ணமியில் சிவன் காமனை எரிப்பான். வேசக்காரன் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால் காமனை எரிக்கும்வரைக்கும் அவன் தோட்டத்து எல்லை தாண்டக்கூடாது. கீழே பாலம்தான் எல்லை. பஸ் நிற்பது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

மருதை ஆடினது அந்தக் காமன் வேசம். மதுரனும் கல்யாணத்துக்கு முந்தியே ஆட ஆரம்பித்துவிட்டான். நோய்ச் சேதியைக் கேட்டதும் வேலாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, இது காமன் குத்தம், போன வருசம் காப்போடு எங்கோ தாண்டியிருக்கிறான், இந்த வருசம் சுத்தமாக ஆடி முடித்தால் இறங்கிவிடும் என்று நேர்ந்துகொண்டாள். இவனும் கையை நீட்டிவிட்டான். கத்தி வைப்பதைத் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்தால் எந்த ஆம்பிளைதான் நீட்டமாட்டான்?

புதன்கிழமை சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த சர்மிளா, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நாளைக்கிக் கண்டி. இவுங்க வரமாட்டேங்கிறாங்க. வாத்தியாரு வந்திருக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்க."

போனேன். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ஈர விறகு, வீடெல்லாம் புகை. செல்லசாமி வாத்தியார் பலகையில் உட்கார்ந்திருந்தார். காமன் பாட்டெல்லாம் அவர் வாயில்தான், காப்புக் கட்டுவதும் அவர்தான். மதுரன் சுவரில் சாய்ந்திருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

"வாங்கண்ணே" என்றாள் வேலாயி. "நீங்களும் அவளுக்குச் சாதகமாத்தான் பேசப்போறீங்க."

"நான் யாருக்கும் சாதகமில்ல. ரொட்டி இருந்தா குடு."

மிளகாய் அரைத்த கட்டச் சம்பலோடு ரொட்டி தந்தாள். தின்றுகொண்டே கேட்டேன். "வாத்தியாரே, காப்ப அவுத்து விட்டா என்னா?"

"அது என்னா செருப்பு வாரா, அவுக்கவும் மாட்டவும்? பௌர்ணமிக்கி எத்தனை நாளு இருக்கு? எரிச்சதுக்குப் பின்னாடி போகட்டும். கண்டி எங்க ஓடிருமா?"

"கண்டி ஓடாது. அவனுக்குள்ள இருக்குறது ஓடும்னு டாக்டரு சொன்னாரு."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. நீங்களே அவனுங்களத் திட்டுற ஆளு."

"இப்பவும் திட்டுறேன். ஆனா லைட்டு போகல. நான் பார்த்தேன்."

வேலாயி அகப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "அண்ணே, இவுங்க அப்பன் காப்போட பாலந்தாண்டிப் படம் பாக்கப் போனாரு. ஒரு வருசம் தாங்கல. வயிறு வீங்கி, மூச்சு முட்டி, ரத்தமாக் கக்கிச் செத்தாரு. ஒங்க கண்ணு முன்னாடிதானே செத்தாரு? எம்புள்ளையையும் அப்புடி அனுப்பச் சொல்றீங்களா?"

ரொட்டியைக் கீழே வைத்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சொல்லப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேலாயி, மருதையக் குளிப்பாட்டுனது யாரு?"

"நீங்கதான். வாத்தியாரும்."

"பொம்பிளைங்கள வெளிய அனுப்பிட்டுக் குளிப்பாட்டுனோம். அங்க என்னா இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது. புருசன் ஒனக்குக் காட்டியிருக்கமாட்டான். எடது பக்கம் கைகொள்ளாத தோடம்பழம் அளவு இருந்துச்சு. தொட்டா கல்லு. அத மூடித்தான் வேட்டி கட்டிவிட்டோம். வாத்தியாரே, இல்லேன்னு சொல்லுங்க."

வாத்தியார் வெற்றிலையை எடுத்தார், போடாமல் திரும்ப மடித்தார்.

"அது சாபம்" என்றார் கடைசியில். "சாபம் அந்த எடத்துலதான் எறங்கும்."

"அப்பனுக்கு வந்தா மகனுக்கும் வர்றது உண்டுன்னு அந்த டாக்டரு சொன்னாரு. அவருக்கு மருதையத் தெரியாது. காமனத் தெரியாது. ஒங்க அப்பாவுக்கு இப்புடி இருந்துச்சான்னு இவனக் கேட்டாரு. இவனுக்குத் தெரியல. நான் சிங்களத்துல சொன்னேன், இருந்துச்சுன்னு. இவனுக்கு அது வெளங்கல."

மதுரன் தலையைத் தூக்கினான். "அப்பாவுக்கா?"

"மொதல்ல அங்க. பின்ன வயித்துல கட்டி. பின்ன இருமல். டாக்டரு எப்புடிச் சொன்னாரோ அதே வரிசை. படம் பார்த்ததுனால இல்லடா. பாக்காம விட்டதுனால."

வேலாயி எங்கள் இரண்டு பேரையும் ஒருசேரப் பார்த்து, "அப்ப நீங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல" என்றாள்.

"பொணத்தோட அந்த எடத்தப் பத்தி பொண்டாட்டிகிட்ட எவன் பேசுவான்?"

"பேசல. சரி. இத்தனை காலமும் பேசாத ஆளுங்க சொல்றத நான் இன்னைக்கி நம்பணும், காமன நம்பக்கூடாது. அப்புடித்தானே?"

 ரொட்டி அடுப்பில் கருகினது. சர்மிளா போய்த் திருப்பிப் போட்டாள்.

வாத்தியார் எழுந்தார். "காப்புக்கட்டுக்கு நான் பொறுப்பு. காரணம் இல்லாம அறுத்தேன்னா டிவிசன் முழுக்க எம்மேல பாயும். நாளைக்கி ஒரு புள்ளைக்கிக் காய்ச்சல் வந்தாலும் என்னையத்தான் கேப்பாங்க. வீட்டுல ஒரு சாவு, ஒரு தீட்டுன்னா அறுத்துத்தான் ஆகணும். நோவுக்கு அறுத்தது கெடையாது."

"பெரியப்பா, விடுங்க" என்றான் மதுரன். "எரிச்ச மறுநாள் போறேன்."

அவன் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எரித்த மறுநாளும் போகமாட்டான். பிறகு சித்திரை வரும், வருசப் பிறப்பு வரும், திருவிழா வரும். மருதையும் அப்படித்தான் தள்ளிப்போட்டிருப்பான். சலித்துப்போய் என் காம்பராவுக்கு வந்துவிட்டேன். எத்தனை பேரைத்தான் ஒரு ஆள் இழுக்க முடியும்.

வியாழக்கிழமை விடிந்ததும் தப்புச் சத்தம் கேட்டது. காமன் கம்பத்தடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஆம்பிளைகள் பெரட்டுக்குப் போவார்கள். புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்தது. மதுரன் ஈர வேட்டியோடு கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான், பல்லு கிட்டிப்போய். ரதி வேசக்காரன் லோஜன் பின்னால்.

சர்மிளா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு வந்தாள். வந்தவள் நேரே கம்பத்தடிக்குப் போய் மதுரனின் காப்புக் கட்டின கையைப் பிடித்தாள். தப்பு நின்றுவிட்டது.

"வாத்தியாரய்யா" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் வீட்டுக்குத் தூரம். ராத்திரியே ஆயிட்டேன். இவுங்களுக்குச் சோறு போட்டது நான். கையத் தொட்டேன், வேட்டியத் தொட்டேன். இப்பக் காப்பையும் தொட்டுட்டேன்."

 எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்கள்.

"அறிவிருக்கா இவளுக்கு!"

"ஆம்பிளைங்க கூடுற எடத்துல நின்னு சொல்ற பேச்சா இது?"

"டிவிசனையே கெடுத்துப்புட்டாளே, நாசமாப் போறவ!"

வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஓங்கி ஒரு அறை வைத்தாள். சர்மிளா கையை விடவில்லை. கன்னத்தைத் தடவவும் இல்லை.

வாத்தியார் அவள் முன்னால் வந்து நின்றார். "புள்ள, பார்த்துச் சொல்லு. சாமி காரியம்."

"பார்த்துத்தான் சொல்றேன்."

அவர் ஒருதரம் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்தார், மதுரன் கையைத் திருப்பினார், ஒரே இழுப்பு. செல்லசாமி வாத்தியார் வெற்றிலைக் காம்பு கிள்ளவே யோசிக்கிற ஆள். அவர் கை அவ்வளவு வேகமாகப் போய் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். "லோஜா, நீ காமன் கட்டு. ரதிக்கி வேற ஆளு பாப்போம்" என்றார்.

மதுரன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாங்க" என்றாள் சர்மிளா. "பஸ்ஸு வந்துரும்."

ஈர வேட்டியோடே இழுத்துக்கொண்டு போனாள். உலர்ந்த துணி பையில் இருந்தது. நானும் பின்னாலேயே போனேன், சிங்களம் பேச ஆள் வேண்டுமே. பாலத்தில் அவன் கால் ஒரு நிமிடம் தயங்கினது. அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

கண்டியில் அந்தக் கட்டியை எடுத்துவிட்டார்கள். கேன்சர்தான். பெரிய ஸ்கேன் எடுத்ததில் அடிவயிற்றில் பின்பக்கம் சின்னதாக இன்னொன்று ஆரம்பித்திருந்தது. நெஞ்சு சுத்தம். பௌர்ணமி, சித்திரை என்று விட்டிருந்தால் நெஞ்சுக்குப் போயிருக்கும் என்றார் அங்கே இருந்த பெரிய டாக்டர். விட்டு விட்டு ஊசி மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொருதரமும் பச்சைத் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தான். தலைமயிர் போச்சு, புருவம் போச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசித்தார்கள். இழுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக எனக்கும் முதுகு விட்டுப்போனது.

தோட்டத்தில் அவனைவிட சர்மிளாவுக்குத்தான் பாடு. அந்த மாசிப் பனியில் கொழுந்து கருகினதற்கும் அவள்தான் காரணம், கங்காணி மாடு செத்ததற்கும் அவள்தான் காரணம். மலையில் அவள் நிரைக்குப் பக்கத்து நிரை பிடிக்க ஆள் வராது. வேலாயி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைச் சட்டியில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். ஒன்றும் கேட்காததும் கேட்கும்.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் குடும்பநல மிஸ்ஸி குடையைச் சுருக்கிக்கொண்டு லயத்துக்குள் வந்தார். கர்ப்பிணிப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். எங்கள் லயத்தில் அப்போது யாரும் அப்படி இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அவர் நேரே மருதை வீட்டு இஸ்தோப்பில் ஏறினார். கம்பளிச்சட்டையும் படங்குமாகப் போர்த்திக்கொண்டே திரிந்த பிள்ளையின் வயிற்றை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"என்னா சர்மிளா, கிளினிக்குக்கு ஒரு தடவைதான் வந்தீங்க, அப்புறம் ஆளையே காணோமே? அஞ்சு மாசம் முடியப்போகுது. இப்பிடியா இருக்குறது?"

வேலாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடாலி நின்றது.

"எத்தன மாசம்?" என்றாள்.

"அஞ்சு முடியுதும்மா. ஒங்களுக்குத் தெரியாதா?"

மிஸ்ஸி அளந்து பார்த்துவிட்டு, மருந்து கொடுத்துவிட்டு, பிள்ளை நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலாயி மழைச் சாரலில் நின்று விரலை மடக்கினாள். வைகாசி, சித்திரை, பங்குனி, மாசி. மாசியில் விரல் நின்றது. இன்னொரு விரலையும் மடக்கிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கம்பத்தடியில் நின்று, நான் தூரம் என்று டிவிசனே கேட்கச் சொன்ன அன்றைக்கு, அவள் வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது. பிள்ளை இருக்கிறவளுக்கு ஏது தூரம்?

வேலாயி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கேக்கல" என்றாள். "நீங்க ஒன்னும் கேக்கல. பொணத்தோட எடத்தப் பத்திப் பேசாம இருக்கத் தெரிஞ்ச ஆளுதானே. இதையும் பேசாதீங்க."

கோடாலியைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன், வெட்கம் என்ன வெட்கம். அடுப்பு ஊதுகிற சத்தம். கேத்தல் மூடி ஆடுகிற சத்தம். மதுரன் இருமினான். அது மருந்து இருமல்தான், நெஞ்சு இருமல் இல்லை. இப்போது எனக்கு வித்தியாசம் தெரியும்.

பிறகு, மாசிக்கு அப்புறம் முதல்தரமாக, சர்மிளாவோடு பேசுகிற வேலாயியின் குரல்.

"ஏய் புள்ள. படங்க அவுத்துப் போட்டுட்டு ஒக்காரு. அன்னைக்கி நான் அறைஞ்ச கன்னத்தக் காட்டு."

"எதுக்கு அத்த?"

"காட்டுன்னா காட்டு."

அதற்கு மேல் மழை பலத்துவிட்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.